விசுவமடுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை: றோல்ஸ் சுமார், மிட்ஃபீல்ட் வாக்குவாதம் முதல்தரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வயிற்றுக்காக மட்டும் போகிறவர் என்றால் இந்தக் கடையை விட்டுவிட்டுப் பரந்தன் சந்தியிலேயே ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள். இது வேற மாதிரிக் கடை. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு ரோட்டில் வந்து, விசுவமடு தாண்டி, உடையார்கட்டு வர முன்னம் ஒரு வேப்பமரம், அதன் கீழ் நாலைந்து மோட்டச்சைக்கிள், ஓர் ஓட்டோ, தகரக் கூரையில் சாய்ந்தபடி ஒரு டிஷ். பெயர்ப்பலகை கிடையாது. இருந்த ஒன்றும் காற்றில் கழன்று விழுந்து, இப்போது பின்பக்கம் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக நிற்கிறது. ஊருக்குள் யாரிடமாவது மட்ச் பார்க்கிற கடை எங்கே என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

எனக்கு வேலை கிளிநொச்சியில், வீடு புதுக்குடியிருப்புப் பக்கம், கடை இடையில். முதலில் மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். பிறகு பிளேன்ரீக்கு. பிறகு மன்செஸ்டர் யுனைடெட் பொடியன் கோபி மைனூவுக்கு.

அந்தக் கதையைச் சொன்னால்தான் கடை விளங்கும். 2024 பெப்ரவரி முதலாம் திகதி, வுல்வ்ஸ் எதிர் மன்செஸ்டர் யுனைடெட். இங்கிலாந்தில் இரவு 8.15, எங்களுக்கு விடியப்புறம் 1.45. டிஷ்சுக்குக் காசு கட்ட மறந்துபோனதால் கடைக்கார அண்ணை தன்னுடைய போனை வயர் போட்டு ரீவியில் கொடுத்திருந்தார், படம் அரை நிமிடம் பிந்தி வந்தது. பக்கத்து வீட்டில் டிஷ் ஒழுங்காக வேலை செய்கிறது, அங்கே யுனைடெட் பைத்தியம் பிடித்த பொடியன் ஒருவன் இருக்கிறான். யுனைடெட் 2-0, பிறகு 3-1, பிறகு 3-2, 95ஆவது நிமிடம் 3-3. கடையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ரீவியில் வுல்வ்ஸ்காரர் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பக்கத்து வீட்டில் இருந்து அப்படி ஒரு கத்தல். நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கிவிட்டன. கோல் விழப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, யார் என்று தெரியவில்லை. ராஷ்ஃபோர்ட் என்று ஒருவர், ஹொய்லுண்ட் என்று இன்னொருவர். மூலையில் இருந்த ஓட்டோ அண்ணை மட்டும், "பாருங்கோடா, சின்னவன்தான்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, மைனூ இடது பக்கத்தில் இருந்து உள்ளே வெட்டி வந்து தூரக் கம்பத்துக்கு வளைத்துப் போட்டான். 97ஆவது நிமிடம். வயது 18. நான் அடுத்த நாள் லீவு போட்டேன்.

அன்றிலிருந்து ஓட்டோ அண்ணைக்குக் கடையில் ஒரு தனி மரியாதை. அவர் அதை அளவுக்கு மிஞ்சியே பாவிக்கிறார் என்பது வேறு விஷயம்.

சரி, சாப்பாடு. றோல்ஸ் சுமார். உள்ளே கிழங்கு அதிகம், மீன் தேட வேண்டும், ஆனால் 5.30 மணிக்குச் சட்டியில் இருந்து இறங்கும்போது வாங்கினால் அந்தக் குறை தெரியாது. எட்டு மணிக்குப் பிறகு மிச்சம் இருப்பதை எடுக்கவேண்டாம், அது எண்ணெய் குடித்துப் போயிருக்கும். உழுந்து வடை நல்லது. கொத்து நல்லது, இரண்டு பேர் சாப்பிடலாம், முட்டைக் கொத்துக்கு என்னிடம் கடைசியாக 700 ரூபாய் எடுத்தார்கள். பிளேன்ரீ 50. இஞ்சி போட்டுக் கேளுங்கள், கூடவே சீனி வேண்டாம், பனங்கட்டி தாருங்கள் என்று சொல்லுங்கள். சாடியில் இருக்கும், கேட்டால்தான் வரும். பால்ரீயைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கொத்துக்கும் மட்ச்சுக்கும் இடையில் ஒரு சண்டை நிரந்தரமாக நடக்கும். தகட்டில் இரும்பு அடிக்கிற சத்தத்தில் வர்ணனை ஒன்றும் கேட்காது. அதனால் கோர்னர் கிக், பெனால்டி, கடைசி ஐந்து நிமிடம் ஆகியவற்றில் கொத்து நிற்கும் என்பது கடைச் சட்டம். பசியோடு வந்த லொறிச் சாரதி ஒருவர் இந்தச் சட்டம் தெரியாமல் கத்திவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, மட்ச்சில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவும் இல்லை.

இனி நான் உண்மையில் எழுத வந்ததற்கு வருகிறேன். நீளமான மேசை ஒன்று நடுவில் இருக்கிறது. அங்கே நாலு நிரந்தர ஆட்கள். ஓட்டோ அண்ணை யுனைடெட். கணக்குப் படிப்பிக்கிற சேர் ஒருவர் ஆர்சனல். மேசன் வேலை செய்கிற தம்பி லிவர்பூல், சீமெந்துக் கையோடு வருவான். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற பொடியன் பார்சிலோனா. இவர்கள் யார் வெல்வார் என்று கதைப்பதே குறைவு. வயது குறைந்த மிட்ஃபீல்ட் பொடியன்களில், அதாவது நடுக்களத்தில் ஆடுகிறவர்களில், எவன் முதல் பதினொன்றுக்குள் வருவான், எவன் மாற்று ஆட்களின் பெஞ்சிலேயே கிடந்து வேறு கிளப்புக்குப் போவான், இதுதான் வருடம் முழுக்க ஓடுகிற வழக்கு.

இதற்கான கருவி கச்சான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஆரும் இறங்கினால் இரண்டு பை கச்சான் வாங்காமல் வருவதில்லை, அது இந்த மேசைக்கு வந்து சேரும். உடைத்த பருப்பு எங்கள் ஆள், கோது எதிராளி. சேர் கோதைப் பிரிக்காமல் ஒன்றை எடுத்து நடுவில் வைப்பார், அது இன்னும் உடைபடாத பொடியன். பிறகு பக்கத்தில் இருக்கும் இரண்டு பருப்பைக் காட்டி, "இதில ஒண்டு எழும்பினாத்தான் இவன் உள்ளுக்கு வரலாம்" என்பார். திறமை இரண்டாவது, முதலில் இடம் காலியாக வேண்டும் என்பது அவருடைய கட்சி.

ஓட்டோ அண்ணைக்கு இது பிடிக்காது. "சேர், திறமை இருந்தா ஆரும் மறைக்கேலாது. மைனூவைப் பாருங்கோ."

"அந்த மைனூவைத்தான் நானும் சொல்லுறன்" என்று சேர் தொடங்கினார். 2023 நவம்பர் 26, எவர்ட்டன் மைதானத்தில் மைனூ முதல் தடவையாகப் பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றைத் தொடக்கத்தில் இருந்து ஆடினான். அந்த மாதம் நடுவில் ஆடுகிற கசெமீரோவுக்கும் காயம், எரிக்சனுக்கும் காயம். இரண்டு பருப்பையும் மேசையில் இருந்து எடுத்து வாயில் போட்டுவிட்டு, கோது பிரிக்காத கச்சானை நடுவுக்குத் தள்ளினார். அவ்வளவுதான் வாதம். ஓட்டோ அண்ணை ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு, "சரி, வந்தவன் பிறகு எழும்பேல்லையே" என்றார். அதுவும் சரி. அடுத்த வருடமே எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மன்செஸ்டர் சிற்றிக்கு எதிராகக் கோல், யூரோ 2024 இறுதியில் இங்கிலாந்தின் முதல் பதினொன்றில் இடம்.

எழும்பினான், ஆனால் கொஞ்சம் பிந்தி. புதுப் பயிற்றுவிப்பாளர் அமோரிம் வந்து 3-4-2-1 என்று போட்டதும் நடுவில் இரண்டே இடம், அதில் புரூனோவும் கசெமீரோவும் குந்திக்கொண்டார்கள். 2025 ஓகஸ்டில் பொடியன் லோனில், அதாவது கொஞ்சக் காலத்துக்கு வேறு கிளப்பில் ஆட, போகக் கேட்டும் கிளப் விடவில்லை. இதைக் கேட்டதும் லிவர்பூல் தம்பி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம்: "அண்ணை, எங்கட வேலையிலயும் அப்பிடித்தான். புது பாஸ் வந்தா அவருக்கு அவற்ற ஆக்கள்." நான் சேரின் கட்சிக்கு முக்கால்வாசி ஆள். மிச்சக் கால்வாசி இந்தத் தம்பிக்குத்தான் போகும், ஏனென்றால் கதவு திறப்பதோடு வேலை முடியாது, பயிற்றுவிப்பாளர் மாறினால் அதே கதவு மூடியும் விடும்.

சேரின் சொந்தக் கிளப்பும் அவருக்கு உதவுகிறது. லூயிஸ்-ஸ்கெலி ஆர்சனல் அகடமியில், அதாவது கிளப்பின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில், வளர்ந்தது மிட்ஃபீல்டராக. 2024 முடிவில் இடது பின்வரிசையில் காயக்காரர் நிறைந்துபோக, அங்கே போட்டார்கள், பொடியன் பிடித்துக்கொண்டான், 2025 பெப்ரவரியில் சிற்றிக்கு 5-1 அடித்த ஆட்டத்தில் ஒரு கோலும் போட்டான், மார்ச்சில் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே இன்னொன்று. சிற்றியில் நிக்கோ ஓரைலியும் இதே பாதைதான், மிட்ஃபீல்டராக வளர்ந்து இடது பின்னுக்குப் போய் அங்கே ஆடினான். "நடுவில இடம் இல்லையெண்டா ஓரத்தால உள்ளுக்குப் போகோணும்" என்று சேர் சொல்லிக் கச்சானை மேசை விளிம்புக்கு நகர்த்தினார், அது கீழே விழுந்தது, கோழி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றைய பகிடி அதோடு சரி.

சிற்றியின் ஃபோடனை விட்டுவிடக்கூடாது. 2017 நவம்பரில் ஃபெயெனூர்டுக்கு எதிராக முதல் ஆட்டம், ஆனால் டேவிட் சில்வா 2020இல் கிளப்பை விட்டுப் போகும் வரை நிரந்தர இடம் இல்லை. ஒரு தடவையும் லோனில் அனுப்பவில்லை. மூன்று வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான், 2024இல் இங்கிலாந்தில் வீரர்களே வாக்குப் போட்டுத் தெரிகிற சிறந்த வீரர் விருது அவனுக்கு. இந்தக் கதை பார்சிலோனாப் பொடியனுக்கு ஆறுதல், அவனுடைய ஆள் மார்க் பெர்னால் 2024 ஓகஸ்டில் 17 வயதில் முதல் அணிக்குள் வந்து, அதே மாதமே ராயோவுக்கு எதிராக முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தவன். அவன் அந்தப் பெயரை எடுத்தாலே மேசையில் எல்லோரும் கொஞ்சம் பணிந்து கதைப்பார்கள். அறுவைச் சிகிச்சை, முழங்கால் என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் பகிடியாகக் கதைக்கிற விஷயம் இல்லை.

பெஞ்சைப் பற்றிய வழக்கு வேறு. பொடியன் பெஞ்சில் இருக்கிறான், அடுத்தது அவன்தான் என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியல் கொடுக்க வேண்டும், ஆனால் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அதில் போடவே தேவையில்லை. பெஞ்சில் ஒன்பது பேர், 2022-23 பருவத்தில் இருந்து ஐந்து பேரை மாற்றலாம். ஆகவே ஒரு சின்னப் பொடியனை இருத்துவதில் கிளப்புக்கு ஒரு சதமும் நட்டம் இல்லை, படத்துக்கும் நல்லது. ஆர்சனலின் நவானேரி 2022 செப்டெம்பரில் 15 வயது 181 நாளில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக இறங்கி, பிரீமியர் லீக்கின் ஆக இளைய வீரன் ஆனான். அடுத்த பிரீமியர் லீக் ஆட்டம் 2024 பெப்ரவரியில். இடையில் ஒன்றரை வருடம் பள்ளிக்கூடம். ஓட்டோ அண்ணை 1937 ஒக்டோபரில் இருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அகடமியில் வளர்ந்த ஒருவராவது யுனைடெட் அணியில் இருந்திருக்கிறார் என்று மார்தட்டுவார். சேர் கோப்பையை வைத்துவிட்டு மெல்லமாக, "பெஞ்சில இருந்தாலும் அந்தக் கணக்கில சேரும்தானே அண்ணை" என்றார். அண்ணை ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

லிவர்பூல் தம்பியின் சோகம் 2024 லீக் கிண்ண இறுதி. செல்சிக்கு எதிராக மேலதிக நேரத்தில் பொபி கிளார்க், மக்கொனல், டான்ஸ் எல்லாம் களத்தில், 118ஆவது நிமிடம் வன் டைக் தலையால் அடித்து 1-0. இனி பத்து வருடத்துக்கு மிட்ஃபீல்ட் பிரச்சினை தீர்ந்தது என்று அவன் எங்களுக்கு வடை வாங்கித் தந்தான். அந்த ஓகஸ்டிலேயே கிளார்க்கை சால்ஸ்பேர்க்குக்கு விற்றார்கள். அடுத்த வருடம் மக்கொனல் லோனில் அயக்ஸ். வடைக் காசு திருப்பித் தரச்சொல்லி அவன் இன்னும் கேட்கிறான்.

ஏன் விற்கிறார்கள் என்பதைச் சேர் விளக்கிய விதம்தான் எனக்கு இந்தக் கடையில் கிடைத்த ஆகச் சிறந்த பாடம். வெளியில் இருந்து வாங்குகிற ஆளின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துப் போடுவார்கள், விற்கும்போது இன்னும் கழியாமல் இருக்கிற தொகையைக் கழித்துத்தான் லாபம். அகடமிப் பொடியனுக்குப் புத்தகத்தில் விலையே இல்லை, வருகிற காசு முழுக்க லாபம். "லீசிங்கில எடுத்த மோட்டச்சைக்கிளை வித்தா மிச்சத் தவணை கட்டோணும். வீட்டுக் கோழின்ர குஞ்சை வித்தா முழுக்கக் கைக்கு." லீசிங் என்றதும் மேசையில் பாதிப் பேருக்கு உடனே விளங்கிவிட்டது. செல்சி கலகரை அத்லெற்றிக்கோவுக்கு விற்றதும் யுனைடெட் மக்டொமினேயை நாப்போலிக்கு விற்றதும் இந்தக் கணக்கால்தான், இரண்டும் 2024 ஓகஸ்டில். மக்டொமினே அங்கே போய் முதல் பருவத்திலேயே லீக் வென்று, இத்தாலி லீக்கின் சிறந்த வீரர் விருதும் எடுத்தார். ஓட்டோ அண்ணைக்கு முன்னால் இந்தப் பெயரை மட்டும் எடுக்கவேண்டாம். நான் ஒருக்கால் எடுத்து, கொத்துக் காசை நானே கட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் அணிகளிலும் இதே கூத்துத்தான், அளவு மட்டும் சின்னது. ஒரு பொடியன் இருக்கிறான், பந்து காலுக்கு வர முன்னமே தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பான், அந்த வயதில் அது எல்லோருக்கும் வராது. ஆனால் கழகத்தில் நடுவில் நிற்பது ஜேர்சிக்குக் காசு போட்ட அண்ணை, வயது நாற்பதைத் தொடப்போகிறது, பின்னுக்கு ஓடிவரவும் மாட்டார். மன்னார்ப் பக்கம் கழகம் ஒன்று வந்து நாலு கோல் போட்டுவிட்டுப் போன பிறகும் அவர்தான் நடுவில். பொடியனை வலது பின்னுக்குப் போட்டிருக்கிறார்கள். சேருக்கு இதில் ஒரு திருப்தி, லூயிஸ்-ஸ்கெலி இடது, இவன் வலது என்கிறார்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. ரீவி வைத்திருக்கும் உயரத்துக்குக் கழுத்து நோகும், பின் வரிசையில் இருப்பவருக்குத் தூண் மறைக்கும், பந்து இடது ஓரத்தால் போனால் நீங்கள் ஊகித்துத்தான் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றுக்குக் கால் வெடித்திருக்கிறது, புதிதாக வருகிறவருக்கு அதுதான் கிடைக்கும். நுளம்பு, மாரியில் சொல்லி வேலையில்லை, சாரத்தோடு போகவேண்டாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இல்லை. இணைப்பை நம்பி போனில் பார்க்கும் நாட்களில் படம் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றி முடியும்போது கோல் விழுந்திருக்கும். கழிப்பறை பின்னால் இருக்கிறது, டோர்ச் கொண்டு போங்கள். மாலை 6 மணி ஆட்டத்துக்கு என் தங்கச்சியும் அவளுடைய சிநேகிதியும் வந்து சேரோடு சண்டை பிடித்துவிட்டுப் போனார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் 11 மணி ஆட்டத்துக்குப் பெண்பிள்ளைகள் வந்து இருக்கிற நிலைமை அங்கே இல்லை, வாற ஆட்களின் வாயும் அப்போது வேறு. அண்ணைக்கு இதைச் சொன்னேன், தலையாட்டினார், ஒன்றும் மாறவில்லை.

நேரம் தெரியாமல் போய் ஏமாறவேண்டாம். இங்கிலாந்தில் மதியம் 12.30 ஆட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு மாலை 6 மணி, 3 மணி ஆட்டம் 8.30, 5.30 ஆட்டம் இரவு 11. சாம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் விடியப்புறம் 1.30. அவர்கள் கோடைக்கு மணிக்கூட்டை மாற்றினால் எல்லாம் ஒரு மணித்தியாலம் முந்தும். 8.30 ஆட்டத்துக்குத்தான் மேசை நிறையும், சனிக்கிழமை என்றால் 8 மணிக்கே போய் இடம் பிடியுங்கள்.

இனி அந்தப் பால்ரீ. கடையில் தேத்தண்ணி போடுவதற்கு ஒரு பொடியன் நிற்கிறான், பத்தொன்பது இருபது வயது. அவன் சாயத்தை அளந்து வடித்து, பால்மாவைத் தனியாகக் கொஞ்சச் சுடுதண்ணியில் கட்டி இல்லாமல் கரைத்து, பிறகு இரண்டையும் கலந்து இரண்டு முறை உயர ஆற்றித் தருவான். மேலே நுரை ஒரு விரல்கடை நிற்கும். கோப்பை அடியில் சீனி தங்காது. அண்ணை போடுவது அவசரத் தேத்தண்ணி, பால்மா கட்டி கட்டியாக மிதக்கும், சீனி இரண்டு கரண்டி கூட. இது கடையில் எல்லோருக்கும் தெரியும், அண்ணைக்குத் தெரியுமோ தெரியாது. அவர் கண் ஒப்பரேஷனுக்கு யாழ்ப்பாணம் போன இரண்டு கிழமையும் பொடியன்தான் முழு நேரமும் போட்டான், அந்த இரண்டு கிழமையும் தேத்தண்ணிக் காசில் கடை வேறு மாதிரி ஓடியது. அவர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த அன்றே ஆற்றுகிற குவளையைக் கையில் எடுத்துவிட்டார். மட்ச் நாளில் கூட்டம் கூட, அனுபவம் வேண்டும் என்பது அவர் சொல்கிற காரணம். பொடியன் இப்போது கொத்துக்கு வெங்காயம் வெட்டுகிறான்.

ஆகவே பால்ரீ குடிக்க வேண்டும் என்றால் பின்னேரம் 4 மணியில் இருந்து 5.30க்குள் போங்கள். அண்ணை அப்போது சந்தைக்குப் போயிருப்பார்.